முதலில் திரையைப் பிடியுங்கள்

நடிக்க மறுக்கும் பிள்ளைகளை நாடகத்துக்குள் அழைத்துவருவது எப்படி? கூத்துக் களம் தொடங்கி எட்டாம் வகுப்பு வரை ஒரு பார்வை

கூத்துக் களத்தில் துரியோதனன் வரும் நேரம். முகவீணை உச்சத்துக்குப் போகிறது, மிருதங்கம் விரைகிறது. இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சி தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய கால்கள் தெரிகின்றன. நடுவில் இருக்கும் ஆளைக் காணோம். அவர் பாடுகிறார், ஆடுகிறார், ஒருமுறை துணிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறார். பாட்டிலும் 'நான் வந்தேன்' என்பதில்லை. வேறு யாரோ ஒரு அரசன் வருவதைப் போலத் தன்னையே படர்க்கையில் சொல்லிக்கொள்கிறார். கூட்டம் கழுத்தை நீட்டிக் காத்திருக்கிறது. போதுமான அளவு காக்கவைத்த பிறகுதான் திரை விலகுகிறது.

விலகியதும் நேராகக் கதைக்குள் போய்விட முடியாது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வழிமறித்து, யார், எந்த ஊர், என்ன சோலியாக வந்தாய் என்று குடைவான். பதில் சொல்லிச் சொல்லியே வந்தவர் துரியோதனன் ஆகிறார்.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு, வியாழக்கிழமை, கடைசி பீரியட். ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. "யாரெல்லாம் நடிக்கிறீங்க? கை தூக்குங்க" என்று ஆசிரியர் உற்சாகமாகக் கேட்கிறார். எப்போதும் தூக்கும் அதே நாலு கைகள். மற்றவர்கள் பெஞ்சின் மேல் கிறுக்கியிருப்பதை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்கிறார்கள். ஆசிரியர் பின்வரிசையில் ஒருவனைக் கைகாட்டுகிறார். "நீ வாடா. இங்க நின்னு, அம்மா செத்துப்போன மாதிரி அழுது காட்டு." அவன் வந்து நிற்கிறான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு கெக்கலிப்பு. "தொண்டை கட்டியிருக்கு சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறான். அவனைப் பொறுத்தவரை நாடகம் அன்றோடு முடிந்தது.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே இருப்பது ஒரு முழத்துணிதான். வருடக்கணக்காக ஆடிப் பழகிய கலைஞருக்கே கூத்து ஒரு திரையைப் பிடித்து, ஒரு பாட்டைக் கொடுத்து, கேள்வி கேட்க ஓர் ஆளையும் நிறுத்துகிறது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு நாம் இதில் எதையுமே கொடுப்பதில்லை.

மறுப்பது எதை?

அதே பையனை இன்டர்வெல்லில் பாருங்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்று தலைமை ஆசிரியர் நடப்பதை, பி.டி. சார் விசில் ஊதுவதை, பஸ் கண்டக்டர் சில்லறை கேட்பதை அச்சு அசலாகச் செய்துகாட்டிக்கொண்டிருப்பான். சுற்றி நிற்கிற ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நடிப்பு அவனிடம் இருக்கிறது. செய்வதற்கு எதுவும் இல்லாமல், தப்பிக்க வழியும் இல்லாமல் நாற்பது ஜோடிக் கண்களுக்கு முன்னால் நிற்பதைத்தான் அவன் மறுக்கிறான். அது நியாயமான மறுப்பு. ஆசிரியர்கள் கூட்டத்தில் நம்மைத் திடீரென்று எழுப்பி, 'அழுது காட்டுங்கள்' என்றால் நமக்கும் தொண்டை கட்டிவிடும்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. பழைய நாடகக் கம்பெனிகளில் 'மகரக்கட்டு' என்று ஒரு சொல் உண்டு. பையனுக்குக் குரல் உடையும் பருவம். நேற்றுவரை கணீரென்று பாடி ஸ்திரீ பார்ட் போட்டவனுக்கு ஒரே மாதத்தில் குரல் போய்விடும், வேடமும் போய்விடும். நம் எட்டாம் வகுப்பு முழுக்க மகரக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறந்தால் எந்தக் குரல் வரும் என்று அவனுக்கே தெரியாது. பெண் பிள்ளைகளுக்கு வேறு கணக்குகள்: உயரம், பல், நிறம், வீட்டில் என்ன சொல்வார்கள், ஊருக்குள் யார் கேலி செய்வார்கள்.

நம்முடைய மனப்பாடப் பழக்கமும் இதில் குற்றவாளிதான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்துதான் நாடகம் பயின்றார்கள். பாடம், பாட்டு, வசனம் எல்லாம் மனப்பாடம், கட்டுப்பாடு கடுமை. பெரிய கலைஞர்கள் பலர் இப்படிப்பட்ட பாலர் கம்பெனிகளிலிருந்து வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே பிள்ளைகள் இரவும் பகலும் நாடகத்தோடு வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடமோ அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு மனப்பாடத்தையும் அதட்டலையும் மட்டும் எடுத்துக்கொண்டது. 1959-ல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனத்தை இன்றும் ஏதோ ஒரு ஆண்டு விழாவில் ஒரு பையன் மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருப்பான். அவன் திறமைசாலிதான். ஆனால் அவனுக்கு வகுப்பே தேவையில்லை, மைக் போதும். வகுப்பு தேவைப்படுவது கீழே உட்கார்ந்து கைதட்டுகிற மற்றவர்களுக்கு.

பார்க்க ஆளில்லாத நாடகம்

முதல் விதி எளியது. முதல் சில வாரங்களுக்குப் பார்வையாளர் என்று ஒருவர்கூட இருக்கக் கூடாது. எல்லாரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். எல்லாரும் செய்துகொண்டிருந்தால் பார்ப்பதற்கு யார் மிச்சம்?

மழையில் தொடங்கலாம். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொள்ளட்டும். முதலில் உள்ளங்கைகளை மெல்லத் தேய்ப்பது. பிறகு விரல் சொடுக்கு. பிறகு தொடையில் தட்டுவது. கடைசியில் காலால் தரையை உதைப்பது. வரிசை வரிசையாகச் சேர்ந்துகொண்டால் இரண்டு நிமிடத்தில் வகுப்பறைக்குள் ஓட்டுக்கூரையில் விழும் ஐப்பசி மழை வந்துவிடும். அதே வரிசையில் திரும்பி வந்தால் மழை ஓயும். யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் வசனம் பேசவில்லை. ஆனால் ஒரு காட்சி உருவாகிவிட்டது. நடிக்க மாட்டேன் என்றவனும் அதில் இருந்தான்.

இதன் சூட்சுமத்தை முறையாக எழுதிவைத்தவர் அமெரிக்காவின் வயோலா ஸ்போலின். சிகாகோவில் பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளோடு வேலைசெய்தவர். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத அந்தக் கூட்டத்தில் விரிவுரை எடுபடாது, விளையாட்டு எடுபடும் என்று கண்டுகொண்டார். 1963-ல் வெளிவந்த அவருடைய 'இம்ப்ரோவைசேஷன் ஃபார் தி தியேட்டர்' இன்றும் நாடக ஆசிரியர்களின் கைப்புத்தகம். அதன் அடிப்படைக் கருத்து இது: கவனத்தை நிறுத்த ஒரு வேலை கொடுத்துவிட்டால் பிள்ளை தன்னை மறந்துவிடுகிறது. 'பயப்படாதே' என்றால் பயம் கூடும். 'இல்லாத கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள், கயிறு நீளக் கூடாது, அறவும் கூடாது' என்றால் பயப்பட நேரம் ஏது? ஆட்டத்தை நடுவில் நிறுத்தித் திருத்தவும் மாட்டார் ஸ்போலின். ஓரத்தில் நின்றபடி, 'கயிறு கனக்குது, கை வழுக்குது' என்று குரல் மட்டும் கொடுப்பார். கபடிக் களத்தின் ஓரத்தில் நின்று கத்தும் அண்ணன்மார்கள் செய்வதும் அதுதான்.

அவருடைய பயிற்சிகளில் ஒன்று, அர்த்தமில்லாத ஒலிகளாலேயே உரையாடுவது. நமக்கு இது புதிதா என்ன? 'க' பாஷை பேசாமல் எந்தத் தமிழ்ப் பிள்ளை வளர்ந்திருக்கிறது? ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் 'க' சேர்த்துப் பெரியவர்கள் காதில் மண்ணைத் தூவிய அந்த மொழியை வகுப்புக்குள் அனுமதியுங்கள். இரண்டு பேர் 'க' பாஷையில் காய்கறிக் கடைச் சண்டை போடட்டும். உச்சரிப்பு சரியா, வட்டார வழக்கு வந்துவிட்டதா, குரல் உடைந்ததா என்ற கவலைகள் போய்விடும். கோபம் மட்டும் தெளிவாகப் புரியும். நடிப்பில் பாதி அதுதானே.

பேச்சே வேண்டாம் என்பவர்களுக்குச் சிலை விளையாட்டு. ஐந்து பேர் குழு, பத்து எண்ணுவதற்குள் 'ரேஷன் கடை வரிசை' சிலையாக வேண்டும். பிறகு 'அதே வரிசை, அரிசி தீர்ந்துபோன நொடி.' இரண்டு சிலைகளுக்கும் நடுவே ஐந்து உடம்புகளும் எப்படி மாறின என்று பார்த்தால், கதை, பாத்திரம், திருப்பம் என்று கரும்பலகையில் எழுத நினைத்த எல்லாம் அங்கே இருக்கும்.

வேலை கொடுத்தால் வேடம் தானே வரும்

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1926-ல் பிறந்த டோரதி ஹீத்கோட், பதினான்கு வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி ஆலையில் தறி ஓட்டப் போனவர். பிறகு நாடகப் பயிற்சி பெற்று, நியூகாசிலில் ஆசிரியர்களுக்கே ஆசிரியரானார். அவரைப் பற்றி 1971-ல் பி.பி.சி. எடுத்த ஆவணப்படத்துக்கு 'த்ரீ லூம்ஸ் வெயிட்டிங்' என்று பெயர். மூன்று தறிகள் காத்திருக்கின்றன என்று பொருள். நாடகம் கைவிட்டால் அவர் திரும்பி வருவதற்காக ஆலையில் காத்திருந்த தறிகள் அவை.

ஹீத்கோட் வகுப்புக்குள் நாடகப் பிரதியோடு போக மாட்டார். எதைப் பற்றி நாடகம் செய்யலாம் என்று பிள்ளைகளையே கேட்பார். நடிக்கச் சொல்லவும் மாட்டார். அவரே ஒரு பாத்திரமாகி உள்ளே வந்துவிடுவார். ஆசிரியரே வேறு ஆளாகிப் பேசத் தொடங்கியதும் பிள்ளைகள் பதில் சொல்லியாக வேண்டும். சொன்ன கணத்தில் அவர்களும் பாத்திரங்கள். இன்னொரு வழியும் அவர் வகுத்தது. அதற்கு 'வல்லுநரின் சால்வை' என்று பெயர் வைக்கலாம். பிள்ளைகளை மாணவர்களாக நடத்தாமல் ஒரு துறையின் வல்லுநர்களாக நடத்துவது. நாம் பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்துவோம் இல்லையா? போர்த்தியதும் அவர் நிமிர்ந்து உட்காருவார் இல்லையா? அதேதான்.

தமிழ்ப் பாடத்தில் சிலப்பதிகாரம் வருகிறது என்று வையுங்கள். வழக்கமான வழி, ஒரு கண்ணகி, ஒரு பாண்டியன், ஒரு கோப்பெருந்தேவி. மூன்று பேருக்கு வேடம், முப்பத்தேழு பேருக்கு வேடிக்கை. ஹீத்கோட் வழியில் போய்ப் பார்ப்போம். ஆசிரியர் ஒரு ஓலையைப் பிரித்துப் படிக்கிறார். 'சிலம்பு வழக்கை மறுபடி விசாரிக்க இந்தக் குழு அமைக்கப்படுகிறது.' குழு என்பது வகுப்பு முழுவதும்தான். ஒரு பிரிவு மதுரைக் கடைவீதியின் வரைபடம் போடுகிறது. ஒரு பிரிவு சாட்சிகள் பட்டியல் எழுதுகிறது. இன்னொரு பிரிவு நகை மதிப்பீட்டாளர்கள். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். இதை உடைத்துப் பார்க்காமலே கண்டுபிடித்திருக்க முடியுமா என்பது அவர்கள் தலைவலி.

பிறகு ஆசிரியர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உடம்பைக் குறுக்கி, வாயிற்காவலனாக உள்ளே வருகிறார். "ஐயா, அன்னைக்கு வாசல்ல நான்தான் நின்னேன். ஒத்தைச் சிலம்போட ஒரு அம்மா வந்தாங்க. அவங்க முகத்தைப் பார்த்ததுமே எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு. என்னை எதுவும் பண்ணிடாதீங்க." அவ்வளவுதான், கேள்விகள் பாயும். வழக்கமாக அவர் கேட்பார், இவர்கள் விழிப்பார்கள். இன்று இவர்கள் கேட்கிறார்கள், அவர் விழிக்கிறார். ஆசிரியர் அரசன் வேடம் போடாமல் காவலன் வேடம் போட்டதில்தான் இதன் ரகசியம் இருக்கிறது. மேலே இருந்தவர் கீழே இறங்கினால் கீழே இருந்தவர்கள் தானாக எழுவார்கள்.

விசாரணை நீளும்போது நடிப்பு தானே வந்து சேரும். கோவலனைக் கொல்ல வந்த காவலர்களுக்கே அவன் திருடன்போலத் தெரியவில்லை, தயங்கினார்கள், பொற்கொல்லன் பேசிப் பேசிக் கரைத்தான் என்று காப்பியம் சொல்கிறது. "எங்கே, யார் எங்கே நின்னீங்க? நடந்ததை நடந்தபடி செஞ்சு காட்டுங்க" என்று விசாரணைக் குழு கேட்கும், இன்றைக்குப் போலீஸ் கேட்பதைப் போலவே. தூரம் அளக்கக் கயிறு பிடித்து நிற்கிறானே ஒரு பையன், நடிக்கவே மாட்டேன் என்றவன், அவனிடம் "கொஞ்சம் கோவலன் நின்ன இடத்துல நில்லு, அளந்துக்கறோம்" என்றால் போய் நிற்பான். அவனைச் சுற்றிக் காவலர்கள் நெருங்கும்போது அவன் முகம் மாறும். அந்த மாற்றத்தை எந்த ஒத்திகையாலும் வரவழைக்க முடியாது.

கடைசியில் அரசன் ஏன் கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கேள்விக்கு வருவார்கள். ஊடிப் போன அரசியைச் சமாதானம் செய்ய அவன் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தான் என்பதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, ஒரு பெண் எழுந்து 'அப்ப அவசரம்தான் முதல் குற்றவாளி' என்று அறிக்கையில் எழுதச் சொல்லலாம். அப்படி ஒரு வரி வந்தால் அந்தப் பாடம் அங்கே முடிந்தது.

முகத்துக்கு முன்னால் ஏதாவது ஒன்று

சில பிள்ளைகளுக்கு இதுவும் போதாது. அவர்களுக்கு நிஜமாகவே ஒரு திரை வேண்டும். தோல்பாவைக்கூத்தில் ஒரே ஆள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ராமனாகவும் ராவணனாகவும் கூனியாகவும் பேசுகிறார். வெளியே தெரிவது நிழல் மட்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இதைவிடத் தோதான மேடை உண்டா? பழைய காலண்டர் அட்டை, துடைப்பக் குச்சி, ஒரு வெள்ளை வேட்டி, ஒரு டார்ச் லைட். செலவு அவ்வளவுதான். வகுப்பில் வாயே திறக்காத பெண், அட்டையில் வெட்டிய நரிக்குள் புகுந்துகொண்டு ஊரையே விலைபேசுவதைப் பார்க்கலாம்.

முகமூடியும் அப்படித்தான். முகத்தை மறைத்ததும் உடம்பு பேசத் தொடங்கும். அதுவும் கூடாதென்றால் ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். ஒரு குடை, ஒரு சாவிக்கொத்து, ஒரு பழைய செருப்பு. 'இந்தச் செருப்பின் சொந்தக்காரர் யார், எங்கே போனார்?' என்று கேட்டால் எல்லாக் கண்களும் செருப்பைப் பார்க்கும். பேசுகிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள். அவன் அதை உணர்ந்ததும் பேச்சு நீளும்.

கட்டியக்காரன் கடைசி பெஞ்சில் இருக்கிறான்

ஒதுங்கிப்போகிறவன் ஒரு வகை. ஒவ்வொன்றையும் கேலிசெய்து குலைப்பவன் இன்னொரு வகை. அவனும் பயத்தால்தான் அப்படிச் செய்கிறான். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரிக்க வைத்துவிடுவது அவன் தற்காப்பு. அவனை வெளியே அனுப்பாதீர்கள். அவனுக்கென்றே கூத்து ஒரு பாத்திரத்தை வைத்திருக்கிறது.

கட்டியக்காரனுக்கு மனப்பாடம் குறைவு, வாய் அதிகம். அரசனைக் கேலி செய்யலாம், கதையை நிறுத்தி ஊர் நியாயம் பேசலாம், கூட்டத்தில் தூங்குகிறவரை எழுப்பலாம். ஆனால் கதை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு. வகுப்புக் குறும்பனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். பாத்திரமாக வந்து நிற்பவரிடம் கேள்வி கேட்பது அவன் வேலை. 'கர்ணா, குந்தி கேட்டதும் ஏன் சரின்னுட்டே? உனக்குக் கோவமே வரலையா?' கேலியாகத் தொடங்கும் கேள்வி, மூன்றாவது சுற்றில் நிஜமான கேள்வியாகிவிடும். பாத்திரத்தை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதை மேலை நாட்டு நாடகக் கல்வி ஒரு முறையாகவே கற்றுத்தருகிறது. நம் ஊர்க் களத்தில் அது நெடுநாளாக நடக்கிறது.

குறும்பர்களுக்குப் பிடிக்கும் இன்னொரு ஆட்டம், 'இம்ப்ரோ' என்ற நூலை 1979-ல் எழுதிய கீத் ஜான்ஸ்டனின் சிந்தனையிலிருந்து வருவது. இரண்டு பேர் பேசிக்கொண்டால் யார் மேலே, யார் கீழே என்ற சின்னப் போட்டி எப்போதும் நடக்கிறது என்பார் அவர். ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய சீட்டை ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒட்டிவிடுங்கள். தன் எண் தனக்குத் தெரியாது, மற்றவர் எண் தெரியும். இடம், கல்யாண மண்டப வாசல். பத்தாம் எண்காரருக்குப் பன்னீர் தெளித்து முன்வரிசை நாற்காலி. இரண்டாம் எண்காரர் வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். 'பந்தியில என்னைக் கூப்பிடவே இல்ல சார்' என்று வரும் பதிலில் சிரிப்பு நின்றுபோகும். அதற்குப் பிறகு நடக்கிற உரையாடலுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை.

'நிறுத்து!'

பிரேசிலின் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் 1970-களில் பெருவில் வேலைசெய்தபோது நடந்ததாக அவரே எழுதிய சம்பவம் இது. ஏமாற்றிய கணவனை மனைவி என்ன செய்ய வேண்டும் என்று பார்வையாளர்கள் யோசனை சொல்ல, நடிகர்கள் அதை நடித்துக் காட்டுகிறார்கள். ஒரு பெண்மணிக்கு மட்டும் திருப்தியில்லை. அவர் சொன்னதை நடிகை எத்தனை முறை செய்தும் 'இப்படி இல்லை' என்கிறார். கடைசியில் போவால் அவரையே மேடைக்கு அழைத்தார். அவர் ஏறிவந்து, துடைப்பத்தை எடுத்துக் கணவன் வேடம் போட்டவரை வெளுத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து பேசினார். பார்த்துக்கொண்டிருப்பவரே இறங்கி வந்து கதையை மாற்றும் 'விவாத அரங்கு' அங்கிருந்து கிளைத்தது. மேற்கு வங்கத்தின் ஜன சன்ஸ்கிருதி போன்ற குழுக்கள் இந்தியக் கிராமங்களில் அதைப் பெரிய அளவில் செய்துவருகின்றன.

வகுப்பில் இது எளிது. நன்றாக நடிக்கும் அந்த நாலு பேருக்கும் இப்போதுதான் வேலை. அவர்கள் தோல்வியில் முடிகிற ஒரு காட்சியை நடிக்கட்டும்: பத்தாவதோடு படிப்பை நிறுத்தச் சொல்லும் அப்பாவிடம் ஒரு பெண் பேசுகிறாள், பேச்சு எடுபடவில்லை. இரண்டாம் முறை நடிக்கும்போது யார் வேண்டுமானாலும் 'நிறுத்து!' என்று கத்தலாம். கத்தியவர் எழுந்து வந்து அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று வேறு விதமாகப் பேசிப் பார்க்கலாம். இங்கே யாரும் நடிக்க வருவதில்லை. 'அப்படியில்ல, இப்படிச் சொல்லணும்' என்ற ஆத்திரம்தான் இழுத்துவருகிறது. கூச்சத்தைவிடப் பலமான சில உணர்ச்சிகளில் நியாயக் கோபம் ஒன்று.

பாடமாக வந்தால்

நாடகத்தைக் கல்விக்குள் கொண்டுவரும் முயற்சி பல இடங்களில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பெல்கிரேட் தியேட்டர் 1965-ல் கல்விக்கென்றே தனி நாடகக் குழுவைத் தொடங்கியது. தில்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989-ல் அப்படியொரு குழுவை அமைத்தது. இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சைப் பாடம். 1978-ல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளுக்காக நாடகம் எழுதியவர். போர் நடந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் மனக்காயத்துக்கு அரங்கையே மருந்தாக்கும் முயற்சிகள் அங்கே நடந்தன.

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், 2002 முதல் 2020 வரை கூத்தையும் பள்ளிப் படிப்பையும் ஒரே கூரைக்குள் கொடுத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த களத்தில் பெண் பிள்ளைகளும் வேடம் கட்டி ஆடினார்கள். புதுச்சேரியில் வேலு சரவணன் கோமாளியாகவே வந்து பிள்ளைகளைச் சுண்டியிழுக்கிறார்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. கலையரசன், கலையரசி என்று பட்டம், வென்றவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம். நல்ல விஷயம். ஆனால் எந்தப் போட்டியும் ஏற்கெனவே கை தூக்கியவர்களைத்தான் மேலே கொண்டுபோகும். கை தூக்காதவர்களுக்கு வாரம் ஒரு பீரியட் வேண்டும். அதற்குப் பரிசு இல்லை, மேடை இல்லை, பல நேரம் 'என்ன சார் சத்தம்?' என்ற பக்கத்து வகுப்பின் புகார் மட்டும்தான் உண்டு.

நாற்பது பேர், நாற்பது நிமிடம்

முதல் ஐந்து நிமிடம்: பெஞ்சை ஒதுக்காதீர்கள், நேரம் போய்விடும். வேப்பமரத்தடி இருந்தால் அங்கே போங்கள். வட்டமாக நின்று மழை, அல்லது கைதட்டு ஆட்டம்.

அடுத்த பதினைந்து நிமிடம்: எல்லாரும் ஒரே நேரத்தில் செய்யும் ஒரு விளையாட்டு. கயிறு இழுத்தல், சிலை, 'க' பாஷைச் சண்டை. ஓரத்தில் நின்று குரல் கொடுங்கள். நிறுத்தித் திருத்தாதீர்கள்.

அடுத்த பதினைந்து நிமிடம்: ஐந்து பேர் குழுக்கள், ஒரு சின்னச் சிக்கல், ஒரு வேலை. ஒரு குழு செய்வதை இன்னொரு குழு மட்டும் பார்க்கட்டும். நாற்பது ஜோடிக் கண்களோடு பழகுவதற்கு முன் ஐந்து ஜோடி.

கடைசி ஐந்து நிமிடம்: உட்கார்ந்து பேசுதல். 'யார் நல்லா நடிச்சாங்க?' என்று கேட்காதீர்கள். 'எந்த இடத்தில் உங்களுக்கு என்னவோ ஆச்சு?' என்று கேளுங்கள்.

நிறுத்த ஒரு சமிக்ஞை முதல் நாளே முடிவாகட்டும். ஒரு பறை அடி, ஒரு மணி. 'ஏய் சைலன்ஸ்' வேண்டாம்.

சில எச்சரிக்கைகள்

நாடகம் கத்தி மாதிரி, பிடி சரியாக இருக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து ராஜா, குரங்கு என்று பிரிப்பதும், வீட்டுத் தொழிலை மனதில் வைத்து வேடம் கொடுப்பதும் நாடகத்தின் பேரால் நடக்கும் அவமானங்கள். அவற்றை ஒரு பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், பாத்திரங்களை நடுவில் மாற்றுங்கள். தொட்டு நடிக்க விரும்பாதவர் சொல்லிவிட வழி இருக்கட்டும். அழுகை வரவேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் சொந்த வீட்டுத் துயரத்தைக் கிண்டாதீர்கள். பிறர் கதை என்ற போர்வை இருக்கும்போதுதான் தன் கதையைத் தொடும் துணிச்சல் வரும். கூத்தில் அரிதாரத்தைக் கலைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வகுப்பிலும் வேடத்தைக் கலைத்து, சொந்தப் பெயரைச் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு அனுப்புங்கள். வில்லனாக நடித்தவனை அடுத்த பீரியடிலும் வில்லன் என்று கூப்பிட்டால், அடுத்த வாரம் அவன் வர மாட்டான்.

'இன்னைக்கு நான் பார்க்கிறேன், அடுத்த வாரம் சேர்ந்துக்கறேன்' என்று சொல்லும் உரிமையும் பிள்ளைக்கு வேண்டும். ஆனால் சும்மா பார்க்க விடாதீர்கள். தாளம் போடட்டும், நேரம் பார்க்கட்டும், காட்சியை வரையட்டும்.

அப்படிப் பார்க்கிறவனுக்குக் கொடுக்க இன்னொரு வேலையும் இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன கூத்துக் களத்துக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். துரியோதனன் துணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான், ஊரே அவனைத் தேடுகிறது. அந்தத் துணியின் இரண்டு முனையையும் பிடித்திருக்கும் அந்த இரண்டு பேர் எங்கே நிற்கிறார்கள்? களத்தின் நட்டநடுவில், முழு வெளிச்சத்தில், ஊர்ச் சனம் அத்தனைக்கும் எதிரில். துணியைக் கொஞ்சம் தாழ்த்துகிறார்கள், ஏற்றுகிறார்கள், தாளத்துக்கு ஏற்ப அசைக்கிறார்கள். கூத்தாடியின் மூச்சு அவர்களுக்குத்தான் முதலில் கேட்கிறது. ஒருவருக்கும் கூச்சம் இல்லை. தாங்கள் மேடையில் நிற்பது அவர்கள் நினைவிலேயே இல்லை.

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தானே, அவனைக் கூப்பிடுங்கள். "நீ நடிக்க வேணாம்டா. இந்த முனையை மட்டும் கொஞ்சம் பிடி."